வாட்டம் அறியும் உயிரணுக்கள்

(திண்டுக்கல்லில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சொல்லை ஆள்வோர் கூடிய அவையில் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும். அச்சொல் ‘வாட்டம்’ என்பது. பயிர் வாடுவதும் வாட்டம். முகம் வாடுவதும் வாட்டம். இவ்விரு பொருளும் கவிதையில் நெடுங்காலமாகப் பயின்று வருபவை. மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. திண்டுக்கல் சமவெளியில் கிணற்று நீரைத் தோட்டத்துக்குத் திருப்பும் உழவர், நீர் ஓடாது தேங்கினால் ‘வாட்டம் போதவில்லை’ என்பார். கட்டடத் தொழிலாளர் மொட்டைமாடித் தளத்தில் மழைநீர் வடிவதற்கென ‘வாட்டம் விட்டு’ப் பூசுவார். கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் தரையில் ஓரிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உள்ள சிற்றுயர வேறுபாடே இவ்வாட்டம். அதைக் கண் காணாது, நீர் காணும்.

அறிவியல் தமிழ் இச்சொல்லை ஏற்றுக்கொண்டு ‘செறிவு வாட்டம்’ என்னும் தொடரை ஆக்கியுள்ளது. ஒரு பொருள் ஓரிடத்தில் மிகுந்தும் அடுத்த இடத்தில் குறைந்தும் படிப்படியாக விரவி நிற்கும் நிலையே செறிவு வாட்டம். உடலில் உள்ள உயிரணுக்கள் பல இவ்வாட்டத்தை அறியும் திறனுடையவை. நீர் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிச் செல்லும். உயிரணுவோ பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி ஏறும். எங்கே வேதிப்பொருள் மிகுந்துள்ளதோ அங்கே நடந்து சேரும். அந்நடையைத் தலைமயிரின் பருமனே உள்ள வாய்க்கால்களை அமைத்துக் கண்ணெதிரே காண்பது எவ்வாறு, கண்டதனால் விளைந்தது யாது என்பதே இவ்வுரையின் பொருள். இப்பொருளுக்கும் இவ்வூர்ச் சமவெளிக்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது. அது களத்துமேட்டில் தொடங்குகிறது.

களத்துமேட்டு உமி

நெல் தூற்றும் களத்தில் காற்றோடு உமியும் சுணையும் பறக்கும். கரும்பு வெட்டுகையில் தோகை கண்ணில் கீறும். பால் கறக்கையில் மாட்டின் வால் சுழன்று முகத்தில் அடிக்கும். உழவர்க்கும் கூலித் தொழிலாளர்க்கும் இவை அன்றாட நிகழ்ச்சிகள். ‘தூசிதானே’ என்று சேலைத் தலைப்பால் ஒற்றிவிட்டு வேலையைத் தொடர்வதே வழக்கம். பெரும்பாலும் கண் தானே ஆறிவிடும். ஆறாத வேளைகளும் உண்டு. மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சை அக்கீறலின் வழியே உட்புகுந்துவிட்டால் கருவிழிப் படலத்தில் புண் உண்டாகும். புண் ஆறிய பின்னும் வெள்ளைத் தழும்பொன்று எஞ்சி நிற்கும். ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று ஊரார் கூறுவது இதனைத்தான். இவ்வளவு கொடிய இழப்புக்கு இவ்வளவு மென்மையான தொடரை மக்கள் வழங்கி வருவது எண்ணத்தக்கது.

இவ்விழப்பின் அளவைக் கணக்கிட்டவர்கள் அண்டை மாவட்டத்து மருத்துவர்கள். 1976ஆம் ஆண்டு மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கருவிழிப் புண் குறித்து உலகம் மேற்கோள் காட்டும் ஆய்வுகள் பலவற்றை வழங்கியுள்ளது. மதுரை மாவட்டத்தில் 1993ஆம் ஆண்டில் ஓர் இலட்சம் மக்களுக்கு 113 பேர் என்ற அளவில் இப்புண் நேர்ந்ததாக 1996இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் எடுக்கப்பட்ட கணக்கைப்போல் இது ஏறத்தாழப் பத்து மடங்கு. 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், 284 பேர் கண்ணில் முன்னர் அடிபட்டவர்கள் எனத் தெரியவந்தது. மூவரில் இருவர் எனலாம். நுண்ணுயிர் வளர்ந்து காட்டிய 297 கண்களுள் 140இல் பாக்டீரியா மட்டும் இருந்தது. 139இல் பூஞ்சை மட்டும் இருந்தது. பூஞ்சைகளுள் ஃபியூசேரியம் முதலிடமும் ஆஸ்பெர்ஜில்லஸ் அடுத்த இடமும் பெற்றன. இரண்டும் வயலில் வாழ்பவை.

பூஞ்சை புகுந்த கண்ணில் நடப்பது யாது? கருவிழிப் படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பும் பதினொன்றரை மில்லிமீட்டர் குறுக்களவும் கொண்ட ஒரு சாளரம். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருப்பின் ஒளி தடைபடும். கண்ணீரும் விழிக்குள் இருக்கும் நீர்மமுமே அதற்கு உணவூட்டுகின்றன. ஆகவே நடுவிழியில் பூஞ்சை புகுமானால், காக்க வரவேண்டிய இரத்த வெள்ளணுக்கள் கருவிழியின் ஓரத்தில் உள்ள குழாய்களிலிருந்து வெளியேறி, குழாயே இல்லாத படலத்தின் ஊடே ஐந்து மில்லிமீட்டருக்கும் மேல் நடந்தாக வேண்டும். வெள்ளணுக்களுள் மிகுதியானவை நியூட்ரோஃபில்கள். எலும்பு மச்சையில் நாள்தோறும் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி என்னும் அளவில் பிறப்பவை இவை. நிமிடத்துக்குப் பத்து மைக்ரோமீட்டர் என்பது இவற்றின் நடைவேகம் எனக் கொண்டால், ஐந்தரை மில்லிமீட்டரைக் கடக்க ஒன்பது மணி நேரம் ஆகும். மாலையில் உமி பட்ட கண் மறுநாட் காலையில் சிவந்து, கலங்கி, வெள்ளைப் புள்ளி தோன்ற நிற்பதன் பின்னே இந்த இரவு நடை இருக்கிறது.

இந்நடைக்கு வழிகாட்டுவது யார்? கண்ணில்லாத அணுவுக்கு நடுவிழியின் திசை எவ்வாறு தெரிகிறது?

முள்ளைச் சூழ்ந்தவை

இவ்வினாவை முதன்முதலாக எழுப்பியவர்களுள் ஒருவர் ரஷ்ய அறிஞர் எலியா மெச்னிகாஃப். 1882ஆம் ஆண்டு சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் விண்மீன் இளவுயிரியின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாட் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தபோது, உடலுக்குள் திரியும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. முள் தைத்த காலில் சீழ் பிடிப்பதை அறியாத உழவர் இல்லை. அச்சீழ் எனப்படுவது காக்க வந்து மாண்ட வெள்ளணுக்களின் திரள் என்னும் உண்மை இத்தகைய காட்சிகளிலிருந்தே விரிந்தது. அவ்வாய்வுகளுக்காக அவர் 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டாமவர் ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடார் லேபர். கதிரடிக்கையில் தெறித்த ஓட்ஸ் உமியால் கண் புண்பட்ட ஓர் உழவரிடம் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையை அவர் கண்டறிந்து 1879இல் எழுதினார். பூஞ்சையால் வரும் கருவிழிப் புண்ணைப் பற்றிய முதற் குறிப்பு அதுவே. பின்னர் 1888இல், வெள்ளணுக்கள் புண்ணுக்கு வருவது தற்செயல் அன்று, அங்கிருந்து பரவும் வேதிப்பொருளால் இழுக்கப்பட்டே வருகின்றன என்று அவர் விளக்கினார். ஐரோப்பியக் களத்து உமி ஒன்றிலிருந்து எழுந்த இவ்வினாவுக்கு மதுரையில் விடையின் ஒரு பகுதி கிடைத்தது. பூஞ்சை தாக்கிய கருவிழிகளை ஆராய்ந்து 2011இல் அரவிந்த் ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து வெளியிட்ட கட்டுரை, அங்குக் குழுமியவற்றுள் நியூட்ரோஃபில்கள் மிகுந்திருந்ததையும், இன்டர்லூகின்-8 முதலிய அழைப்புப் பொருள்களின் உற்பத்தி பெருகியிருந்ததையும் காட்டியது. இன்டர்லூகின்-8 என்பது 1987இல் இனங்காணப்பட்ட சிறு புரதம். நியூட்ரோஃபில்லை அழைப்பதே அதன் தலையாய தொழில்.

அழைக்கும் பொருள் எதுவெனத் தெரிந்தது. அழைப்பை அணு எவ்வாறு படிக்கிறது என்பதைக் கண்ணால் காண வேண்டும். அதற்கு வாட்டம் ஒன்றை மனிதர் தம் கையால் அமைத்து, அது கலையாமல் நிறுத்தி வைக்க வேண்டும். இடர்ப்பாடு அங்கேதான் இருந்தது.

கலவாத நீர்

வில்ஹெல்ம் பிஃபெஃபர் என்னும் தாவரவியலார் 1884இல் மாலிக் அமிலம் நிரப்பிய நுண்குழாயை நீரில் வைத்து, பெரணிச் செடியின் ஆணணுக்கள் அதனை நாடி நீந்தி வருவதைக் கண்டார். 1962இல் ஸ்டீஃபன் பாய்டன் இரண்டு அறைகளுக்கு இடையே நுண்துளைச் சவ்வொன்றை வைத்து, ஓரறையில் வெள்ளணுக்களையும் மற்றோர் அறையில் அழைப்புப் பொருளையும் இட்டார். சவ்வைக் கடந்தவற்றை எண்ணினால் அழைப்பின் வலிமை தெரியும். ஆயினும் ஊர் சேர்ந்தோரின் எண்ணிக்கையே அதில் கிட்டும்; வழியில் நிகழ்ந்தது கிட்டாது. 1977இல் சாலி சிக்மண்ட் கண்ணாடித் திட்டின்மேல் அணுக்கள் திசை திரும்புவதை நேரே காணும் கருவியை அமைத்தார். அணுவின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே நூற்றில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலே நியூட்ரோஃபில் திசை அறிந்து திரும்புகிறது என்பது அவர் கண்ட உண்மை. பின்பக்கம் நூறு என்றால் முன்பக்கம் நூற்றொன்று, அவ்வளவே. கொத்தனாரின் மட்டப்பலகைக்கும் எட்டாத வாட்டம் அது.

எனினும் இக்கருவிகளில் வாட்டம் நெடுநேரம் நிலைப்பதில்லை. வேதிப்பொருள் விரவி விரவி எங்கும் சமமாகிவிடும். வேண்டிய வடிவத்தில் வாட்டத்தை அமைக்கவும் இயலாது. இக்குறையைத் தீர்த்தது நுண்பாய்மவியல் என்னும் துறை. நீர் மிக நுண்ணிய வாய்க்காலில் ஓடும்போது அதன் இயல்பு மாறுகிறது என்பதே இத்துறையின் அடிப்படை.

குறுந்தொகைப் புலவர் ஒருவர் செம்மண் நிலத்தில் பெய்த மழையை உவமையாக்கினார். அவ்வுவமையாலேயே செம்புலப்பெயனீரார் எனப் பெயர் பெற்றார். திண்டுக்கல் சமவெளியின் செம்மண்ணில் முதல் மழை பெய்கையில் அக்கலப்பை எவரும் இன்றும் காணலாம். நீர் புரண்டும் சுழன்றும் ஓடுவதனாலேயே அது நிகழ்கிறது. மயிரளவு வாய்க்காலில் நீர் புரளாது. அங்கே நீரின் வேகத்தால் எழும் உந்துதல் சிறிது. நீரின் பிசுக்குத்தன்மை பெரிது. இவ்விரண்டின் விகிதத்தை ரெனால்ட்ஸ் எண் என்பர். ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883இல் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாய் நீரில் சாயத்தை விட்டு, அமைதியான ஓட்டம் எப்போது குலைந்து சுழலாகிறது என்று ஆராய்ந்தார். குழாயில் அவ்வெண் ஏறத்தாழ 2000ஐத் தாண்டும்போது சுழல் தொடங்கும். நுண்வாய்க்காலில் அது பெரும்பாலும் ஒன்றுக்கும் கீழே, நூற்றில் ஒரு பங்காகவும் இருக்கும். அங்கே செந்நீரையும் தெண்ணீரையும் அருகருகே விட்டால், நடுவே கோடு கிழித்தாற்போல இரண்டும் தனித்தனியே ஓடும். அக்கோட்டின் குறுக்கே மூலக்கூறுகள் தாமாக விரவுவது மட்டுமே கலப்புக்கு வழி.

விரவுதலுக்கும் ஒரு கணக்கு உண்டு. தொலைவு பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். சிறு புரதம் ஒன்று நூறு மைக்ரோமீட்டர் விரவ ஏறத்தாழ ஒரு நிமிடம் போதும். ஒரு சென்டிமீட்டர் விரவ ஆறு நாள்கள் ஆகும். ஆகவே வாய்க்கால் சிறியதாயின் வாட்டம் விரைவில் உருவாகும். புதுநீர் இடையறாது வந்துகொண்டிருப்பதால் உருவான வாட்டம் கலையாமலும் நிற்கும். ஓடிக்கொண்டே ஒரே வடிவில் நிற்கும் வாட்டம் கைக்கு வந்தது இவ்வாறே.

இக்கருவியைச் செய்யும் முறையும் எளிமையானது. கணினியில் வரைந்த வாய்க்கால் படத்தை ஒளிபுகும் தாளில் அச்சிடுவர். அதன் வழியே புற ஊதா ஒளியைச் செலுத்தி, சிலிக்கன் தகட்டின்மேல் பூசிய பிசினில் அப்படத்தை மேடாக எழுப்புவர். அம்மேட்டின்மீது பாலிடைமெத்தில்சிலாக்சேன் என்னும் ஒளிபுகும் ரப்பர்க் குழம்பை ஊற்றிச் சூடேற்ற, அது இறுகும். உரித்தெடுத்தால் மேடு பள்ளமாகப் பதிந்திருக்கும். அதனைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டினால் வாய்க்கால் ஆயத்தம். அச்சு ஒன்று செய்துவிட்டால் கருவிகளை எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் 1998இல் இம்முறையை விரிவாக வெளியிட்ட பின்னரே இது உலகெங்கும் பரவியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் நுண்பாய்மவியல் ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன.

வாட்டத்தை அமைக்கும் வழி, பாசனம் அறிந்தவர்க்குப் புதிதன்று. ஒரு மடையில் அழைப்புப் பொருள் கலந்த நீர். மற்றொரு மடையில் வெறும் நீர். இரண்டையும் கிளைகளாகப் பிரித்து, அண்டைக் கிளைகளைச் சேர்த்து, மீண்டும் பிரித்து, மீண்டும் சேர்த்துக் கொண்டுசென்றால், கடைசியில் முழுச்செறிவு, முக்கால், அரை, கால், வெறுமை என்ற வரிசையில் பல ஓடைகள் கிடைக்கும். அவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஒரே வாய்க்காலில் அருகருகே விழுந்து ஓடும்போது, அதன் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை சீரான வாட்டம் நிற்கும். அவ்வாய்க்காலின் தரையில் வெள்ளணுக்களை விட்டு நுண்ணோக்கியின் கீழ் வைப்பதே மிச்சம்.

பாறையும் மலையும்

இத்தகைய கருவியில் மனித நியூட்ரோஃபில்கள் இன்டர்லூகின்-8இன் வாட்டத்தில் நடந்த நடையை, ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையும் சார்ந்த ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டனர். மதுரையின் புண்பட்ட கண்களில் பின்னர்க் காணப்பட்ட அதே அழைப்புப் பொருள் என்பது கருதத்தக்கது. அவர்கள் மூவகை வாட்டங்களை அமைத்தனர்.

முதலாவது, ஒரே சீராக உயரும் வாட்டம். எதிர்பார்த்தவாறே அணுக்கள் செறிவு மிகுந்த கரையை நோக்கித் திடமாக நடந்தன.

இரண்டாவது, படிப்படியாக உயர்ந்து உச்சியில் திடீரென ஒன்றுமில்லாது அற்றுப்போகும் வாட்டம். திண்டுக்கல் மலைக்கோட்டையின் படிகளில் ஏறி, அப்பால் செங்குத்துப் பாறையைக் கண்டவர் நிற்பதுபோல, அணுக்கள் அவ்விளிம்பில் சட்டென்று நின்றுவிட்டன.

மூன்றாவது, படிப்படியாக உயர்ந்து படிப்படியாகவே தாழும் வாட்டம். ஏறி இறங்கும் சிறுமலைச் சாலைபோல. இங்கேதான் வியப்பு. அணுக்கள் உச்சியில் நிற்கவில்லை. உச்சியைக் கடந்து மறுசரிவிலும் சிறிது தூரம் நடந்தன. அதன் பின்னரே திரும்பின.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அணு அழைப்பின் அளவை மட்டும் படிப்பதில்லை. அளவு மாறும் விதத்தையும் படிக்கிறது. அளவே வழிகாட்டி எனில், அழைப்பு மிக்க உச்சியிலேயே அது நின்றிருக்க வேண்டும். நியூட்ரோஃபில்லின் மேற்பரப்பெங்கும் இன்டர்லூகின்-8ஐப் பற்றும் ஏற்பிகள் பல்லாயிரம் உள்ளன. எப்பக்கத்து ஏற்பிகள் சற்று மிகுதியாகப் பற்றுகின்றனவோ, அப்பக்கத்தில் ஆக்டின் என்னும் புரத இழைகள் வளர்ந்து அணுவின் உடலை முன்தள்ளும். எதிர்ப்பக்கத்தில் மயோசின் சுருங்கிப் பின்னுடலை இழுத்துக்கொள்ளும். ஒருமுறை முன், பின் என உருப்பெற்றுவிட்ட அணு அவ்வுருவை உடனே கைவிடுவதில்லை. வாட்டம் மெல்ல மாறினால் மாற்றத்தை உணரச் சிறிது நேரம் கொள்கிறது. வாட்டம் வெட்டென அறுந்தால் உடனே உணர்ந்து நிற்கிறது. சவ்வைக் கடந்தவற்றை எண்ணும் பழைய முறையில் இவ்வேறுபாடு ஒருநாளும் தெரிந்திருக்காது.

அழைப்பும் அடக்கமும்

சென்று சேர்வதோடு கதை முடிவதில்லை. கருவிழிக்கு நேரும் தீங்கின் ஒரு பகுதி சென்று சேர்ந்த பின்னரே தொடங்குகிறது. நியூட்ரோஃபில் பூஞ்சையைக் கொல்ல நொதிகளையும் நச்சு ஆக்சிஜன் சேர்மங்களையும் உமிழ்கிறது. கருவிழி ஒளி புகும் சாளரமாக இருப்பதற்குக் காரணம் அதன் கொலாஜன் இழைகள் ஒழுங்கான அடுக்குகளாக அமைந்திருப்பதே. அந்நொதிகள் பூஞ்சை வேறு கொலாஜன் வேறு என்று பிரித்தறிவதில்லை. இழையடுக்கு குலைந்து தழும்பாகும்போது கண்ணில் பூ விழுகிறது. காக்க வந்த படையே கோட்டையின் சாளரத்தை உடைத்தது போன்ற நிலை இது. படை வராவிடினோ பூஞ்சை விழியையே அழித்துவிடும்.

ஆகவே மருத்துவரின் முன் நிற்பது எளிதில் விடை காண இயலாத வினா: வெள்ளணுக்களை வரவிடுவதா, தடுப்பதா? அரவிந்த் மருத்துவமனையை முதன்மைக் களமாகக் கொண்டு, பாக்டீரியாவால் கருவிழிப் புண் கொண்ட 500 நோயாளிகளிடம் நடத்திய பெரும் ஆய்வொன்று, நுண்ணுயிர்க் கொல்லியோடு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. 2012இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்களுக்குப் பின் பார்வையில் மொத்தத்தில் வேறுபாடு காணப்படவில்லை. பூஞ்சைப் புண்ணிலோ ஸ்டீராய்டு தீங்கையே விளைக்கும். படை முழுவதையும் ஒரே மருந்தால் அடக்குவது தீர்வாகாது என்பது இதனால் பெறப்படும். எப்போது அழைப்பது, எப்போது நிறுத்துவது என்னும் நுட்பமே வேண்டப்படுவது.

உடல் அந்நுட்பத்தை ஓரளவு தானே அறிந்திருக்கிறது. முதலில் புண்ணைச் சேர்ந்த நியூட்ரோஃபில்கள் லூக்கோட்ரையீன் பி4 என்னும் பொருளை வெளியிட்டுத் தொலைவில் உள்ளவற்றையும் அழைக்கின்றன என்று 2013இல் எலிகளில் நடத்திய ஆய்வு காட்டியது. உணவு கண்ட காக்கை கரைந்து பிறவற்றை அழைப்பதை இது நினைவூட்டும். அவ்வழைப்பே பெருகிப் பெருகி அடங்காத கூட்டமாகிவிடாதோ? 2021இல் அதே வழியில் தொடர்ந்த ஆய்வு விடையளித்தது. அழைப்புப் பொருள் ஓரளவுக்கு மேல் செறிந்தவுடன் நியூட்ரோஃபில்லின் ஏற்பிகள் அவ்வழைப்புக்குச் செவிடாகின்றன, அணு நிற்கிறது. இவ்வடக்கத்துக்குத் தேவையான புரதத்தை நீக்கிய அணுக்கள் நில்லாது அலைந்தன. அலைந்ததனால் பாக்டீரியாவை அடக்குவதிலும் பின்தங்கின. நிற்பதும் காவலின் ஒரு பகுதியே என்பது இதன் பொருள்.

நுண்வாய்க்கால்களின் பயன் இங்கே தெளிவாகிறது. ஒரு சொட்டு இரத்தம் போதும்; அதிலுள்ள வெள்ளணுக்களின் நடையைக் கண்டு நோயின் போக்கைக் கூற முயலலாம். இரத்தம் முழுதும் நச்சேறும் செப்சிஸ் நிலையை, நியூட்ரோஃபில்கள் அழைப்பின்றியே தாறுமாறாக அலையும் நடையிலிருந்து இனங்காணும் கருவியை 2018இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஒரு மருந்து நடையைக் குறைக்கிறதா, திசையை மறக்கச் செய்கிறதா, நிற்கும் இடத்தை மாற்றுகிறதா என்று தனித்தனியே காணவும் இவ்வாய்க்கால்கள் இடந்தருகின்றன. வருகையை முற்றும் தடுக்காமல், மிகுந்து தங்குவதை மட்டும் தடுக்கும் மருந்தைத் தேடுவோர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

இதன் எல்லையையும் மறத்தலாகாது. கண்ணாடித் தரை கருவிழியன்று. கருவிழியில் அணு இழையடுக்குகளுக்கு இடையே நெருக்கி நுழைந்து செல்கிறது. அங்கே ஒன்றல்ல, பல அழைப்புகள் ஒருங்கே ஒலிக்கின்றன. இதனாலேயே பின்வந்த கருவிகளில் வாய்க்காலைக் கொலாஜன் கூழால் நிரப்பி, உடலின் நெருக்கத்தை ஆய்வாளர்கள் உண்டாக்கிப் பார்க்கின்றனர். மாதிரி நிலம் வேறு, வயல் வேறு என்பதை உழவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லின் பொறுப்பு

இவ்வளவும் கேட்ட கவிஞர், இதில் இலக்கிய வட்டத்துக்கு உரிய பங்கு எது என்று வினவலாம். பங்கு இரண்டு வகையில் உண்டு.

ஒன்று, சொல்லாக்கம். வேதிப்பொருளின் வாட்டத்தில் உயிரணு நடக்கும் நடையை ‘வேதிநாட்டம்’ என்று குறிப்பதுண்டு. நாட்டம் என்றால் விருப்பம் என்றே இன்று பெரும்பாலோர் கொள்வர். அப்பொருளில் கொண்டால் பிழை நேரும். அணு விரும்புவதில்லை, இருபுறமும் ஒப்பிட்டு மிகுந்த பக்கம் நகர்கிறது. ஆனால் நாட்டம் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் கண் என்றும், பார்வை என்றும், ஆராய்தல் என்றும் பொருள்கள் உள. ஆராய்தல் என்னும் பொருளில் கொண்டால் அச்சொல்லைப்போல் பொருத்தமானது வேறில்லை. கண்ணில்லாத அணு ஆராய்ந்து நடக்கும் நடைக்கும், அந்நடையால் காக்கப்படும் கண்ணுக்கும் ஒரே சொல் உரியதாகிறது. புதுச்சொல் தேடி அலைவதற்கு முன், இருக்கும் சொல்லின் பழம்பொருளைத் தோண்டிப் பார்ப்பது நன்று. வாட்டம், மடை, வாய்க்கால், கிளை என்று பாசனம் தந்த சொற்களே ஒரு நவீனக் கருவியை விளக்கப் போதுமானவையாக இருந்ததை இவ்வுரையிலேயே காணலாம். எங்கே அவை போதாவோ அங்கே அதை மறைக்காது சொல்வதும் கடமை. வயலின் வாய்க்காலில் நீர் கலக்கும், நுண்வாய்க்காலில் கலவாது என்பதைச் சொல்லாமல் உவமை கூறினால், உவமை அழகாக இருக்கும், அறிவு பிழையாகும்.

மற்றொன்று, வழக்கில் உள்ள சொற்களை எதிர்கொள்வது. ‘தூசிதானே’ என்னும் சொல் பல கண்களைக் கெடுத்திருக்கிறது. கண்ணில் உமி பட்டால் தாய்ப்பாலும் இலைச்சாறும் விளக்கெண்ணெயும் விடும் வழக்கம் தென்மாவட்டங்களில் உண்டு. மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால், பூஞ்சைக்கு எதிரான காவலை அது தளர்த்திவிடும். மறுபுறம், கருவிழியில் சிராய்ப்பு நேர்ந்தவுடன் உரிய களிம்பை இட்டால் புண் உண்டாகாமலே தடுக்க இயலும் என்பதை மதுரை மாவட்டத்துச் சிற்றூர்களில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியுள்ளது. புண் வந்த பின்னரும், பூஞ்சையாயின் நாட்டாமைசின் சொட்டு மருந்து சிறந்தது என்பதைத் அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. இம்முடிவுகள் ஆங்கில ஏடுகளில் உள்ளன. களத்துமேட்டில் நிற்பவர் பேசும் மொழிக்கு அவை இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

அவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பது மருத்துவரால் மட்டும் ஆகும் செயலன்று. ‘கண்ணில் பூ விழுந்தது’ என்று பாடிய நாட்டார் நாவிலேயே ‘உமி பட்டால் அன்றே மருத்துவரிடம் போ’ என்பதும் இயல்பாக வந்து அமர வேண்டும். அதற்குத் துண்டறிக்கையின் நடை போதாது. சொல்லின் ஓசையும் அளவும் அறிந்தவர்கள் எழுத வேண்டும். அடுத்த அறுவடைக்கு முன் சிற்றூர்தோறும் பாடத்தக்க நான்கு பாட்டுகளையேனும் இவ்வட்டத்துக் கவிஞர்கள் எழுதித் தருவார்களாயின், பத்தாண்டு நிறைவுக்கு அது தக்க பணியாக அமையும்.